ரேபிஸ் வைரஸின் களத் திரிபை ஆராய்வது எப்படி: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரேபிஸால் இறந்த தெருநாயின் மூளையில் இருக்கும் வைரஸும், ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டுப் பேணப்படும் வைரஸும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் அவற்றின் குணம் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் கண்டது லூயி பாஸ்டரின் குழு. 1882 இல் வெறிநோய் கண்ட ஒரு மாட்டிலிருந்து பெற்ற வைரஸை முயலின் மூளைக்குள் செலுத்தி, அந்த முயலிலிருந்து அடுத்த முயலுக்கு என ஏறக்குறைய 90 முறை தொடர்ந்து கடத்தியபோது, நோய் வெளிப்பட எடுக்கும் காலம் படிப்படியாகச் சுருங்கி ஏழு நாளில் நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்துப்போனதை நிலைப்பட்ட வைரஸ் என்றும், வீதியில் திரியும் விலங்குகளில் இயல்பாகச் சுற்றி வருவதைத் தெரு வைரஸ் என்றும் அழைத்தார்கள். இன்று களத் திரிபு என்று நாம் சொல்வது அந்தத் தெரு வைரஸைத்தான். தடுப்பூசிகளின் வீரியத்தைச் சோதிக்க இன்றும் பயன்படும் சி.வி.எஸ். என்னும் திரிபு பாஸ்டரின் நிலைப்பட்ட வைரஸ் வழியில் வந்தது.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. களத் திரிபை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே அது களத் திரிபாக இல்லாமல் போகத் தொடங்குகிறது. ஆகவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் இந்த வேலையின் உயிர். கால்நடை நுண்ணுயிரியலிலோ வைரஸியலிலோ முதுகலை முடித்து, முதன்முதலாக ஒரு ரேபிஸ் ஆய்வகத்தில் சேர்ந்திருப்பவரை மனத்தில் வைத்து அந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாதிரியைத் தொடும் முன்

தடுப்பூசி போட்டு முடிக்காதவர் ரேபிஸ் மாதிரி இருக்கும் அறைக்குள் நுழையக் கூடாது. இதற்கு விதிவிலக்கு இல்லை. ஒரு நாள் மட்டும் பார்க்க வந்த மாணவருக்கும் இல்லை. முன்தடுப்பு ஊசிகளைப் போட்டுக்கொண்ட பிறகு, இரத்தத்தில் நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். செறிவான உயிருள்ள வைரஸைத் தொடர்ந்து கையாளும் ஆராய்ச்சி ஆய்வகத்தினர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் சோதிக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் பரிந்துரை. அறிகுறி தொடங்கிவிட்ட ரேபிஸுக்கு நம்பத்தக்க சிகிச்சை இன்றுவரை இல்லை என்பதைத் தினமும் நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அச்சத்தைச் சரியான இடத்தில் வைப்பதும் அறிவுதான். ரேபிஸ் வைரஸைச் சூழ்ந்திருப்பது கொழுப்பு உறை. சோப்பு, எரிசாராயம், வெயில், வெப்பம் ஆகியவற்றுக்கு அது எளிதில் அழியும். ஆபத்து மேசையைத் துடைக்கும்போது வருவதில்லை. மண்டையோட்டை அறுக்கும்போது பறக்கும் எலும்புத் துகளிலும், கையுறையைக் கிழிக்கும் கூரிய எலும்பு விளிம்பிலும், மூளையை அரைக்கும்போது எழும் நுண்துளிகளிலும் இருக்கிறது. முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை ஆகியவற்றோடு, அரைக்கும் வேலை முழுவதும் உயிரிப் பாதுகாப்புப் பேழைக்குள் நடக்க வேண்டும்.

மூளையிலிருந்து எதை எடுப்பது, எப்படி எடுப்பது

முழு மண்டையோட்டையும் திறந்து மூளையை வெளியே எடுப்பதுதான் சிறந்த முறை என்றாலும், களத்தில் அது எப்போதும் முடிவதில்லை. அங்கே கைகொடுப்பது பிடரித் துளை வழி. இறந்த நாயின் தலையை முன்னோக்கி நன்றாக வளைத்து, தலையும் கழுத்தும் சேருமிடத்தில் தோலையும் தசையையும் குறுக்காக வெட்டினால், தண்டுவடம் மண்டைக்குள் நுழையும் வட்டத் துளை தெரியும். அந்தத் துளை வழியாக ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள குளிர்பான ஸ்ட்ரா ஒன்றைக் கண்ணை நோக்கிய திசையில் சுழற்றியபடி மெல்லச் செலுத்த வேண்டும். ஸ்ட்ரா முதலில் மூளைத்தண்டின் வழியாகவும், அடுத்துச் சிறுமூளையின் அடிப்பகுதி வழியாகவும், பிறகு ஹிப்போகேம்பஸ், பெருமூளைப் புறணி வழியாகவும் செல்லும். மேல் நுனியை விரலால் அழுத்தி மூடியபடி வெளியே இழுத்தால், இளஞ்சிவப்பும் வெண்மையுமான மூளைத் திசு அதற்குள் ஒரு நீண்ட உருளையாக நிற்கும். அதைக் குப்பிக்குள் பிதுக்கிவிடலாம். இரண்டு மூன்று முறை செய்த பிறகு, ஸ்ட்ரா மூளைத்தண்டைத் தாண்டும்போது கையில் தெரியும் மெல்லிய தடையை நீங்களே உணர்வீர்கள்.

மூளைத்தண்டு ஏன் இன்றியமையாதது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கடிபட்ட இடத்து நரம்பு முனையிலிருந்து தண்டுவடம் வழியாக ஏறி வரும் வைரஸ், மூளையில் பெரும்பாலும் முதலில் சென்று சேருமிடம் அதுதான். சில விலங்குகளில் தொற்று ஒரு பக்கமாகவே பரவியிருக்கும் என்பதால், மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டும் தேவை. அதோடு சிறுமூளையையோ ஹிப்போகேம்பஸையோ சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருமூளைப் புறணியின் ஒரு துண்டை மட்டும் அனுப்பிவிட்டு, ரேபிஸ் இல்லை என்ற முடிவை எதிர்பார்ப்பது சரியன்று.

மாதிரியை ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டியில் அன்றே அனுப்ப முடிந்தால், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். முடியாவிட்டால், 50 சதவீத கிளிசரின் கலந்த உப்புநீரில் ஒரு பகுதியைப் போட்டு அனுப்பலாம். ஒளிரும் சாயத்தால் வைரஸைக் காட்டும் ஒளிரும் சோதனைக்கு முன் கிளிசரினை நன்றாகக் கழுவ மட்டும் மறக்கக் கூடாது. ஃபார்மலினில் போட்டு அனுப்புவதுதான் பெரிய இழப்பு. அதில் வைரஸ் இறந்துவிடும், அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகும்; திசுவியல் பார்க்கலாமே தவிர, திரிபைப் பிரித்து வளர்க்கவே முடியாது. வெயிலில் இரண்டு நாள் கிடந்து அழுகிய மூளை வந்தாலும் உடனே எறிந்துவிடாதீர்கள். ஆன்டிஜன், அதாவது எதிர்ப்பொருள் பற்றும் வைரஸ் புரதம், சிதைந்து ஒளிரும் சோதனை பொய்த்துப்போன மாதிரியிலும், மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்துத் தருவதுண்டு.

மாதிரியோடு வர வேண்டிய தாள்

நான் பணியில் சேர்ந்த முதலாம் ஆண்டில், குளிர்பெட்டியின் ஒரு தட்டு முழுவதும் மூளை மாதிரிகள் இருந்தன. ஒவ்வொரு குப்பியிலும் ஓர் எண். எண்ணுக்குரிய பதிவேடு இல்லை. அவற்றில் சிலவற்றில் வைரஸின் ‘என்’ (N) என்னும் மரபணுவை முழுதாக வரிசையறிந்தோம், அதாவது அதன் மரபெழுத்துகளை வரிசையாகப் படித்தோம். தரமான தொடர்களும் கிடைத்தன. ஆனால் அந்த வைரஸ் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த விலங்கில் இருந்தது என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பல வார உழைப்பும் பணமும் செலவிட்டுப் பெற்ற அந்தத் தொடர்களால் எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல இயலவில்லை. அந்தத் தட்டை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு மாதிரியோடும் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். விலங்கு எது, வளர்ப்பு நாயா தெருநாயா, தோராயமான வயது, தடுப்பூசி போட்டதா, எந்தக் கிராமம் அல்லது எந்தத் தெரு, முடிந்தால் கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, நோய் தெரிந்த நாள், இறந்த நாள், மாதிரி எடுத்த நாள், யாரையெல்லாம் அல்லது எந்த விலங்குகளையெல்லாம் கடித்தது, அந்த நாயையே எது கடித்தது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்காது. இருக்கும் சில நேரங்களில், மொத்தத் தாளிலும் விலை மதிப்பற்ற வரி அதுவே. தாளில் கடிபட்ட மனிதரின் விவரம் இருந்தால், சோதனை முடிவு அவருக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் அன்றே போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்வதும் உங்கள் வேலைதான்.

ரேபிஸ்தானா என்று உறுதிசெய்தல்

1958 இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் வகுத்த ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைதான் இன்றும் நோயறிதலின் அடித்தளம். மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் நிலைப்படுத்தி, ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருளை இட்டு, 37 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்துக் கழுவிப் பார்க்க வேண்டும். தொற்றுள்ள மூளையில், கருமையான பின்புலத்தில் பச்சை ஆப்பிள் நிறத்தில் தூசி போன்ற சிறு புள்ளிகளும், வட்டமாகவும் நீள்வட்டமாகவும் பெரிய திரள்களும் மின்னும். ஒவ்வொரு முறையும் உறுதியான நேர்மறைத் தகடு ஒன்றையும் எதிர்மறைத் தகடு ஒன்றையும் உடன் வைத்துப் பாருங்கள். தனித்து வைத்துப் பார்க்கும் தகடு கண்ணை ஏமாற்றும். ஒளிரும் நுண்ணோக்கி இல்லாத இடங்களில், சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பார்க்கக்கூடிய நேரடி நோயெதிர்ப்பு வேதிச்சாயச் சோதனை நல்ல மாற்று.

1903 இல் அடெல்கி நெக்ரி விவரித்த நெக்ரி உருண்டைகளைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஹிப்போகேம்பஸின் கூம்பு நரம்புச் செல்களிலும் சிறுமூளையின் புர்கின்ஜி செல்களிலும் அவை தெளிவாகத் தெரியும். பல காலம் வைரஸின் கழிவுத் திரள் போலக் கருதப்பட்ட அவை, உண்மையில் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் பட்டறைகள் என்று இப்போது தெரிந்திருக்கிறது. களத் திரிபுகளின் தொற்றில் அவை உருவாவது வழக்கம். நிலைப்பட்ட வைரஸ் விரைந்து கொல்வதால் அந்தத் தொற்றில் அவை நன்கு உருவாவதில்லை. இருந்தாலும், ரேபிஸ் உறுதியான எல்லா மூளையிலும் அவை காணப்படும் என்று நம்பிவிடக் கூடாது. நெக்ரி உருண்டை இல்லை என்பதை ரேபிஸ் இல்லை என்று எழுதிவிட்டால், அந்த நாயால் கடிபட்ட மனிதரின் உயிர் பணயமாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. ஒளிரும் சோதனை நேர்மறையானால், மூளையில் லிசாவைரஸ் என்னும் பேரினத்தின் இனங்களில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பேரினத்தில் ரேபிஸ் வைரஸைத் தவிரப் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இலங்கையில் கண்டி அருகே பழந்தின்னி வௌவால்களின் மூளையில் காணப்பட்டு 2016 இல் விவரிக்கப்பட்ட கன்னொறுவை வௌவால் லிசாவைரஸ், நாயில் சுற்றும் ரேபிஸ் வைரஸிலிருந்து வேறானது என்பதை மரபணுத் தொடரே காட்டிக் கொடுத்தது. வௌவால் மாதிரி வந்தால், ஒளிரும் சோதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

வளர்ப்பதற்கு முன் வரிசையறியுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். நேர்மறை என்று தெரிந்ததும், சுண்டெலியிலோ செல்லிலோ செலுத்தும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். அதற்கு முன், மூல மூளையின் ஒரு சிறு துண்டிலிருந்து நேராக ஆர்.என்.ஏ.வைப் பிரித்து வைத்துவிடுங்கள். வைரஸைப் புதிய சூழலில் வளர்க்கும்போது, அந்தச் சூழலுக்குப் பொருந்தும் மாற்றங்கள் தேர்வாகின்றன. குறிப்பாக, உறையின் மேல் முட்களாக நிற்கும் ஜி புரதத்தில் இது நடக்கும். களத் திரிபுகளின் ஜி புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி சேருமிடங்கள் பொதுவாகக் குறைவு; செல் வளர்ப்பில் தொடர்ந்து கடத்தும்போது கூடுதல் இடங்கள் தோன்றுவதும், அதனால் வைரஸ் செல்லில் நன்றாகப் பெருகுவதும் அறியப்பட்ட செய்தி. நான்கு கடத்தல் முடிந்த பிறகு வரிசையறிந்து, இதுதான் களத்தில் சுற்றும் வைரஸ் என்று எழுதினால், நீங்கள் எழுதுவது உங்கள் குடுவையின் வரலாறாகிவிடும்.

ரேபிஸ் வைரஸின் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 12,000 நியூக்ளியோடைடுகள் (மரபெழுத்துகள்) கொண்ட எதிர்மறை ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதில் என் (N), பி (P), எம் (M), ஜி (G), எல் (L) என ஐந்து மரபணுக்கள் அதே வரிசையில் அமைந்துள்ளன. நொதி முன்முனையிலிருந்து படியெடுத்துக்கொண்டே போகையில் ஒவ்வொரு மரபணு இடைவெளியிலும் சில நொதி மூலக்கூறுகள் விலகிவிடுவதால், முதலில் நிற்கும் என் மரபணுவின் படிகளே மிகுதியாக இருக்கும். கண்டறியும் பி.சி.ஆர். சோதனைகள் பலவும் அதைக் குறிவைப்பதற்கு அது ஒரு காரணம். அது அதிகம் மாறாத மரபணு என்பது இன்னொரு காரணம். உலகெங்கும் பதிவான தொடர்களில் மிகுதியானவையும் என் மரபணுவுடையவையே; ஆகவே ஒப்பிட ஆள் கிடைக்கும். புதியவர் 1,353 நியூக்ளியோடைடு நீளமுள்ள என் மரபணுவை முழுதாக வரிசையறிவதில் தொடங்குவதே நல்லது. சில நூறு எழுத்துகள் மட்டும் கொண்ட துண்டு, கிளையைச் சொல்லும். பக்கத்து ஊர்களைப் பிரித்துக் காட்டாது.

நோயுண்டாக்கும் குணத்தைப் பற்றிப் பேச ஜி மரபணு தேவை. அதன் முதிர்ந்த புரதத்தில் 333 ஆம் இடத்தில் ஆர்ஜினின் அல்லது லைசின் இருக்கும் வைரஸ் வளர்ந்த சுண்டெலியைக் கொல்லும். அந்த இடம் வேறு அமினோ அமிலமாக மாறிய ஆய்வகத் திரிபுகள் அந்த வலிமையை இழந்துவிடுகின்றன; வாய்வழித் தடுப்பூசிகள் சிலவற்றை உருவாக்க இதையே பயன்படுத்தினார்கள். ஜிக்கும் எல்லுக்கும் இடையில், எந்தப் புரதத்துக்கும் குறியீடு தராத நானூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ள பகுதி உண்டு. அது விரைந்து மாறுவதால், நெருங்கிய உறவுள்ள திரிபுகளைப் பிரித்தறிய உதவும். மினியான் போன்ற கையடக்க வரிசையறி கருவிகள் வந்த பிறகு, கென்யா, தான்சானியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் முழு மரபணுத்தொகுதியையே உள்ளூரில் படித்துவிடுகிறார்கள். வசதி இருந்தால் அதுவே மேல்.

தொடர் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது திரிபுகளின் உறவைக் காட்டும் கிளைமரத்தையல்ல, மாசுபட்டிருக்கிறதா என்பதை. உங்கள் ஆய்வகத்தில் நேர்மறைக் கட்டுப்பாடாக எந்தத் திரிபு பயன்படுகிறதோ, அதன் தொடரோடு உங்கள் புதிய தொடரை ஒப்பிடுங்கள். களத்திலிருந்து வந்த நாயின் வைரஸ் சி.வி.எஸ். திரிபோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், அது கண்டுபிடிப்பு அல்ல; யாரோ ஒருவரின் பிப்பெட் செய்த வேலை. மூல மூளையிலிருந்து, வேறு அறையில், வேறு நாளில் மீண்டும் செய்யுங்கள்.

பிரித்து வளர்த்தல்

இதற்குப் பிறகு வைரஸைப் பிரித்தெடுக்கலாம். இப்போது பரிந்துரைக்கப்படுவது நியூரோ-2ஏ என்னும் சுண்டெலி நரம்புக்கட்டிச் செல் வரிசை. களத் திரிபுகள் தழுவல் எதுவுமின்றியே அதில் ஏறிக்கொள்ளும். மூளையின் 20 சதவீதக் கரைசலைச் சுழற்றித் தெளிவித்து, செல்லின் மேல் விட்டு, இரண்டு நாளில் ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால், தொற்றிய செல்கள் பச்சையாக மின்னும். களத் திரிபு செல்லைச் சிதைப்பது அரிது என்பதால், வெறும் நுண்ணோக்கியில் செல்கள் நலமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சுண்டெலியின் மூளைக்குள் 0.03 மில்லிலிட்டர் செலுத்தி 28 நாள் கவனிக்கும் பழைய முறையும் சில இடங்களில் தொடர்கிறது. செல் வளர்ப்பு வசதி உள்ள ஆய்வகம், வெறும் நோயறிதலுக்காக விலங்கைப் பயன்படுத்தத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. உயிரியல் குணங்களை அளக்க வேண்டியிருக்கும்போது மட்டும், நெறிமுறைக் குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, மிகக் குறைந்த எண்ணிக்கையில் பயன்படுத்துங்கள்.

எப்படி வளர்த்தாலும், குப்பியின் மேல் கடத்தல் எண்ணை எழுதுங்கள். மூல மூளை என்றால் சுழியம். ஒரு முறை செல்லில் கடத்தியது என்றால் செ-1. சுண்டெலியில் கடத்தியது என்றால் சு-1. முதல் கடத்தலிலேயே போதுமான குப்பிகளைச் சேமித்து, எதிர்காலச் சோதனைகள் அனைத்தையும் அதிலிருந்தே தொடங்குங்கள். மூன்றாம் கடத்தலிலிருந்து நான்காவதை, நான்காவதிலிருந்து ஐந்தாவதை என இழுத்துக்கொண்டே போனால், பாஸ்டர் 90 முறை செய்ததன் தொடக்கத்தை நாமும் அறியாமல் செய்துகொண்டிருப்போம்.

உயிரியல் குணங்களை அளப்பது

ஒரு களத் திரிபின் குணம் என்று எழுதும்போது, எதை அளந்தோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். வழக்கமாக அளப்பவை சில. நோய் வெளிப்படும் காலம் எத்தனை நாள், அது எந்த அளவுக்குள் ஊசலாடுகிறது. பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு எவ்வளவு, அதாவது 1938 இல் ரீடும் மியூன்ச்சும் தந்த கணக்கு முறையில் வரும் மதிப்பு. அந்த அளவு மூளைக்குள் செலுத்தும்போது எவ்வளவு, தசைக்குள் செலுத்தும்போது எவ்வளவு. செல் வளர்ப்பில் எந்த நேரத்தில் எந்த உச்சத்தை எட்டுகிறது. மூளைக்குள் செலுத்தும் அளவுக்கும் தசைக்குள் செலுத்தும் அளவுக்கும் உள்ள விகிதத்தை நான் அதிகம் மதிக்கிறேன். நாய்க்கடியில் வைரஸ் மூளைக்கு நேரே போவதில்லை. தசையிலிருந்து நரம்புக்குள் ஏற வேண்டும். அந்த ஏறும் திறமைதான் களத் திரிபின் உண்மையான தொழில்.

நிலைப்பட்ட வைரஸின் காலம் சில நாட்களில் கச்சிதமாக அமையும். களத் திரிபின் காலம் நீண்டும், ஒரே தொகுதிச் சுண்டெலிகளுக்குள்ளேயே வேறுபட்டும் இருக்கும். செலுத்திய முதல் சில நாட்களிலேயே சுண்டெலி இறந்தால், அது ரேபிஸாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஊசியின் காயமாகவோ பாக்டீரியாத் தொற்றாகவோ இருக்கலாம். எதுவாயினும் இறந்த ஒவ்வொன்றின் மூளையையும் ஒளிரும் சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் கணக்கில் சேர்க்கக் கூடாது.

களத் திரிபுகள் ஏன் இப்படிப் பொறுமையாக நடந்துகொள்கின்றன என்று யோசிப்பது பயனுள்ளது. அவை ஜி புரதத்தை அளவாகவே வெளிப்படுத்துகின்றன. நரம்புச் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டாமல் உயிரோடு வைத்திருக்கின்றன. வீக்கத்தைப் பெரிதாக எழுப்பாமல், நோயெதிர்ப்பு அமைப்பின் கண்ணில் படாமல் மூளையை அடைகின்றன. இறந்த நாயின் மூளையில் அழிவு கண்ணுக்கு அதிகம் தெரியாமல் இருப்பதற்கும், அந்த நாய் உயிரோடிருந்தபோது அவ்வளவு கொடிய நிலையில் இருந்ததற்கும் உள்ள முரண் இதனால்தான். ஆய்வகத் திரிபுகள் பல இந்த மறைவைக் கைவிட்டுவிட்டன.

விலங்கினத்தோடு ஒட்டிய குணமும் கவனத்துக்குரியது. தென்னாப்பிரிக்காவில் நாய், நரி முதலியவற்றில் சுற்றும் ஒரு வகையும், மஞ்சள் கீரி முதலியவற்றில் சுற்றும் இன்னொரு வகையும் தனித்தனியே உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் ஒற்றைவழி எதிர்ப்பொருள்களின் தொகுப்பாலும் மரபணுத் தொடராலும் அவற்றைப் பிரித்தறியலாம். கீரி வகை நாய்க்குத் தாவி அதைக் கொல்லும். ஆனால் நாயிலிருந்து நாய்க்கு எனத் தொடர் சங்கிலியாக நிலைப்பது வழக்கமில்லை. எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2001 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் நகரில், வௌவாலுக்குரிய திரிபு ஸ்கங்க் என்னும் விலங்குகளுக்குத் தாவி, அவற்றுக்குள்ளேயே பரவியது. ஆகவே ஒரு கீரியில் ரேபிஸ் வைரஸ் கிடைத்தது என்பதாலேயே அது கீரித் திரிபு ஆகிவிடாது. அந்தப் பகுதி நாய்களின் தொடரோடு ஒப்பிட்ட பிறகே பேச வேண்டும்.

மரத்தைப் படித்தல்

உங்கள் தொடரை, ஜீன்பேங்க் என்னும் பொது மரபணுத் தொடர்த் தொகுப்பிலிருந்து எடுத்த ஒப்பீட்டுத் தொடர்களோடு வரிசைப்படுத்தி, கிளைமரம் வரையுங்கள். மெகா போன்ற மென்பொருள் தொடக்கத்துக்குப் போதும். ஒப்பீட்டுத் தொடர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. உலகின் பெருங்கிளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் சிலவற்றையும், அண்டை மாவட்டங்கள், அண்டை மாநிலங்கள், அண்டை நாடுகளிலிருந்து கிடைக்கும் அனைத்தையும் சேருங்கள். நாய் முதலிய ஊனுண்ணிகளோடு தொடர்புடைய பெருங்கிளைகளாக உலகளாவிய கிளை, ஆர்க்டிக் தொடர்புடைய கிளை, ஆசியக் கிளை, இந்தியத் துணைக்கண்டக் கிளை, இரண்டு ஆப்பிரிக்கக் கிளைகள் ஆகியவற்றைச் சொல்வது வழக்கம். இந்தியாவில் ஆர்க்டிக் போன்ற திரிபுகளும் துணைக்கண்டத் திரிபுகளும் உள்ளன; துணைக்கண்டக் கிளை தென்னிந்தியாவையும் இலங்கையையும் சார்ந்து அறியப்பட்டது. தமிழ்நாட்டு மாதிரியை ஆராய்பவர் இவ்விரண்டின் தொடர்களையும் இலங்கைத் தொடர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் வைரஸ் மரத்தில் ஏதோ ஒரு தொலைதூர உறவினரோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆர்க்டிக் என்ற பெயரைப் பார்த்துத் துருவப் பகுதியிலிருந்து நேரே வந்தது என்று செய்தியாளரிடம் சொல்லிவிடாதீர்கள். அது கிளையின் பெயர் மட்டுமே.

மரத்தை மிகையாகப் படிக்காமலிருக்க ஒரு சிறு கணக்கைக் கையோடு வைத்திருங்கள். நாய்களில் சுற்றும் ரேபிஸ் வைரஸ், ஓர் இடத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய பத்தாயிரத்தில் இரண்டு என்ற அளவில் மாறுகிறது. 1,353 எழுத்துள்ள என் மரபணுவில் இது நான்கு ஆண்டுக்கு ஒரு மாற்றம் போல வரும். முழு மரபணுத்தொகுதியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாற்றம். ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குத் தொற்று போக ஏறத்தாழ ஒரு மாதம் என்று வைத்தால், ஓர் ஆண்டில் பன்னிரண்டு தாவல்கள் நடந்தும் என் மரபணு மாறாமல் இருக்கலாம். ஆகவே இரண்டு நாய்களின் என் மரபணுத் தொடர் ஒன்றாக இருந்தால், ஒன்று மற்றொன்றைக் கடித்தது என்று பொருளல்ல. ஒரே சங்கிலியின் அண்மைக் காலத்தவை என்று மட்டும் சொல்லலாம். கடித்த கதையை நிறுவ, மாதிரியோடு வந்த அந்தத் தாள்தான் வேண்டும்.

சரியான தரவு சேர்ந்தால், மரம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2008 இல் அதுவரை ரேபிஸ் இல்லாத பாலித் தீவில் நோய் வெடித்தபோது, மாதிரிகளின் தொடர்கள் ஒரே கொத்தாக அமைந்து, இந்தோனேசியாவுக்குள்ளிருந்தே ஒற்றை நுழைவாக வந்ததைக் காட்டின. 1961 முதல் ரேபிஸற்ற நாடாக எண்ணப்பட்ட தைவானில், 2013 இல் மரநாய் போன்ற ஃபெரட் பேட்ஜர்களில் வைரஸ் காணப்பட்டது. அது அண்மையில் கப்பலேறி வந்ததாக இருக்கும் என்று முதலில் தோன்றியது. ஆனால் தொடர்கள் ஒன்றுக்கொன்று விலகியும், தீவுக்கே உரிய கிளையாகவும் இருந்ததால், பல காலமாக யாரும் பார்க்காமல் காட்டு விலங்குகளில் சுற்றி வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பதிவும் சேமிப்பும்

தொடரை ஜீன்பேங்கில் சேர்க்கும்போது, விலங்கு, இடம், ஆண்டு, மூல மூளையா கடத்தியதா என்ற நான்கையும் தவறாமல் நிரப்புங்கள். மாவட்டத்தின் பெயரைக் குறிப்பிடலாம். நாயின் உரிமையாளர் பெயரும் கடிபட்டவர் பெயரும் எந்தப் பொதுப் பதிவிலும் வரக் கூடாது. மாதிரி அனுப்பிய கால்நடை மருத்துவருக்கு முடிவை அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அவர் வெயிலில் நின்று கழுத்தை வெட்டிய உழைப்புக்குப் பதில் வராவிட்டால், அடுத்த நாயின் மூளை உங்களிடம் வராது.

மூல மூளையில் மீதமிருப்பதை மூன்று சிறு குப்பிகளாகப் பிரித்து, சுழியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியஸில் வைக்கும் குளிர்பெட்டியில், ஒன்றை வேறு தட்டில் தனியே வையுங்கள். குப்பியின் மேல் அழியாத மையில் பதிவேட்டு எண், விலங்கு, ஊர், நாள், கடத்தல் சுழியம் என்று எழுதி, அதே வரியைப் பதிவேட்டிலும் கணினியிலும் அன்று மாலையே ஏற்றிவிடுங்கள்.